பீலியடியில் ஒரு வாய்ப்புள்

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எனக்கு முதல் வருடம். தமிழ் வகுப்பில் எங்கள் விரிவுரையாளர் அம்மையார் கரும்பலகையில் ஒரே ஒரு சொல்லை எழுதிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். வாய்ப்புள். பொருள் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார். வகுப்பில் ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கும் அந்தச் சொல் தெரியாது.

அவரே விளக்கினார். புள் என்றால் பறவை. பறவை எந்தப் பக்கம் பறக்கிறது, எப்படிக் கூவுகிறது என்று பார்த்துத்தான் பழங்காலத்து மனிதர்கள் ஒரு காரியத்தில் இறங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்தார்கள். பார்த்துப் பார்த்துப் பறவையின் பெயரே சகுனத்துக்கும் பெயராகிவிட்டது. புள் சரியில்லை என்றால் சகுனம் சரியில்லை என்று பொருள். வடமொழியில் சகுனம் என்ற சொல்லுக்கும் முதல் பொருள் பறவைதான். இரண்டு மொழிக்காரர்களும் ஒரே வானத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள் என்று சொல்லிச் சிரித்தார். பிறகு, பறவையை விட்டுவிட்டு மனிதர் வாயிலிருந்து தற்செயலாக வரும் சொல்லையும் குறியாகக் கேட்கும் வழக்கம் இருந்தது, அதுதான் வாய்ப்புள் என்றார். வாயிலிருந்து புறப்படும் பறவை. போருக்குப் போனவன் திரும்புவானா என்று அறிய வேண்டிய வீட்டுப் பெண்கள் நெல்லும் பூவும் எடுத்துக்கொண்டு ஊர் ஓரத்தில் போய் நின்று, யாரோ யாரிடமோ பேசும் பேச்சுக்குக் காது கொடுப்பார்களாம். அந்தச் சொல்லுக்கு விரிச்சி என்றும் பெயர். அப்படி நிற்பதற்கு விரிச்சி நிற்றல் என்று பெயர்.

நிற்றல் என்று அவர் சொன்னதும் நான் எழுந்துவிட்டேன்.

"மிஸ், இது எங்க வீட்டில் நடந்திருக்கிறது," என்றேன்.

எனக்குப் பக்கத்தில் இருந்தவள் யாழ்ப்பாணத்துப் பெண். நல்லவள்தான், ஆனால் நான் வாயைத் திறந்தாலே அவளுக்குச் சிரிப்பு வரும். "உங்கட தோட்டத்தில இப்பவும் இதெல்லாம் செய்யிறவையோ?" என்று கேட்டாள்.

"செய்றாங்க. அதனாலதான் நான் இங்க உக்காந்திருக்கேன்," என்றேன்.

வகுப்பு சிரித்தது. அம்மையார் சிரிக்கவில்லை. "சொல்லும், கேட்போம்," என்றார். பாதி சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது. முழுவதையும் இப்போது எழுதுகிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் றொசல்ல ஸ்டேசனிலிருந்து மூன்று மைல் ஏற்றத்தில் இருக்கிறது. லயம் என்றால் தொழிலாளர் வீட்டு வரிசை, காம்பரா என்றால் அதில் ஒரு குடும்பத்துக்கு உள்ள ஓர் அறை. எங்கள் லயத்தில் வரிசையாகப் பன்னிரண்டு காம்பரா. எங்களுடையது ஐந்தாவது. காம்பராவுக்கும் காம்பராவுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரை வரைக்கும் போகாது. ஐந்தாம் காம்பராவில் மிளகாய் தாளித்தால் பன்னிரண்டாம் காம்பராவில் தும்முவார்கள். எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் வேலை. அம்மா மலையில் கொழுந்து எடுப்பவர். இருவரும் கைநாட்டு.

எனக்குப் பன்னிரண்டு வயதானபோது தோட்டப் பள்ளிக்கூடத்து ஐந்தாம் வகுப்பை முதலாவதாக முடித்தேன். அதற்கு மேல் அங்கே வகுப்பு கிடையாது. ஐந்து வகுப்புக்கும் ஒரே வாத்தியார். அவர் எனக்குச் சொல்லாமலே ஹட்டனில் உள்ள ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு எழுதிப் போட்டிருந்தார். விடுதியில் இடம் உண்டு, பெற்றவர்கள் கையொப்பம் வைத்த படிவம் வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேர வேண்டும் என்று பதில் வந்தது. வாத்தியார் அந்தப் படிவத்தை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்தப் படிவம் போகாவிட்டால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். அடுத்த மாதம் எனக்கும் கொழுந்து வேலைக்குப் பேர் பதியலாம் என்று, ஆட்களை மேற்பார்க்கும் கங்காணி எங்கள் அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தார். பேர் பதிந்துவிட்டால் நானும் கூடைக்காரி. என் கூடைக்கென்று அப்பா ஒரு புதுக் கயிறு வாங்கிவந்து, கதவோரத்து ஆணியில் மாட்டியும் வைத்திருந்தார். கொழுந்துக் கூடையின் பாரம் அந்தக் கயிற்றின் வழியாக உச்சந்தலையில்தான் இறங்கும். அம்மாவின் தலையில் கயிறு படும் இடத்தில் முடி வளர்வதில்லை.

வாத்தியார் படிவத்தைக் கொடுத்துவிட்டுப் போன பிறகு அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சாமி படத்துக்குப் பின்னால் செருகினார்.

"நாளைக்குச் சொல்லுக்கு நிக்கிறேன்," என்றார். "நல்ல சொல்லு வந்தா அனுப்புறேன். வராட்டி இல்ல."

அப்பா என்னைப் பார்த்தார். "ஒங்கம்மா சொன்னா சரிதான்," என்றார். அவர் எதற்கும் இதைத்தான் சொல்வார்.

சொல்லுக்கு நிற்பது எங்கள் பக்கம் புதிய காரியம் அல்ல. எங்கள் ஆட்கள் அக்கரையிலிருந்து, இந்தியாவிலிருந்து, வரும்போது கூடவே வந்தது. காக்கை கத்துவது, பல்லி சொல்வது என்று வேறு குறிகளும் வந்தனதான். ஆனால் இந்தக் குளிரில் பல்லி எங்கே இருக்கிறது. அடுப்புச் சுவரில் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் அது பெரிய காரியம், அதுவும் கத்தாது. மனிதர் வாய் மட்டும் எந்தக் குளிரிலும் ஓயாது. அதனால் பல்லிச் சொல் மறைந்து பீலிச் சொல் நிலைத்தது என்று நினைக்கிறேன். பீலி என்பது மலையிலிருந்து வரும் ஊற்றுத் தண்ணீர் விழும் குழாய். பெரட்டுக்குப் போவதற்கு முன்னால் லயத்துப் பெண்கள் எல்லாரும் அங்கே கூடுவார்கள். பெரட்டு என்றால் காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரித்துக் கொடுக்கும் இடம்.

முறை இதுதான். விடியும் நேரத்தில் குளித்துவிட்டு, முந்தானையில் ஒரு பிடி அரிசியும் ஒரு பூவும் முடிந்துகொண்டு, தான் குடிக்கும் தண்ணீர் விழும் பீலிக்கு நாலு எட்டு தள்ளிப் போய் நிற்க வேண்டும். எதற்காக நிற்கிறோம் என்று மனதுக்குள் ஒரு தடவை சொல்லிக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு முதலில் காதில் விழும் முழுப் பேச்சுதான் பதில். பேசுகிறவருக்கு இந்தச் சங்கதி தெரிந்திருக்கக் கூடாது. தெரிந்து பேசினால் அது கள்ளச் சொல். சொந்த வீட்டு ஆட்கள் பேசினாலும் சேராது.

எட்டாம் காம்பரா அக்காவுக்குக் கல்யாணம் பேசியபோது, "வாளி நெறஞ்சிருச்சு, எடுங்க" என்று சொல் வந்ததாம். நாலு பிள்ளைகளோடு நன்றாக இருக்கிறார். எங்கள் அப்பா ஒரு பசு வாங்க ஆசைப்பட்டபோது அம்மா போய் நின்றார். யாரோ யாரிடமோ தன் வீட்டு அடுப்பைப் பற்றி, "அது அப்பவே அணைஞ்சு போச்சு" என்றார்கள். அப்பா அதற்குப் பிறகு பசு என்ற பேச்சையே எடுக்கவில்லை.

போன விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது, இதற்குப் பழைய தமிழில் வாய்ப்புள் என்றும் விரிச்சி என்றும் பேர் இருப்பதை அம்மாவிடம் சொன்னேன். விரிச்சி என்பது விரி என்ற சொல்லிலிருந்து வந்திருக்கலாம், வாய் விரிந்து வரும் சொல் என்பதால், ஆனால் அதை எல்லாரும் ஒத்துக்கொள்வதில்லை என்று அம்மையார் சொன்னதையும் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்தார்.

"பேரு எதுவா இருந்தா என்ன. நிக்கத் தெரியணும்," என்றார்.

நானும் அதைத்தான் யோசித்திருக்கிறேன். பெயரைப் புத்தகக்காரர்கள் வைத்துக்கொண்டார்கள். நிற்பதை எங்கள் ஆட்கள் வைத்துக்கொண்டார்கள். நெல் விளையாத மலையில் நெல்லுக்குப் பதிலாக அரிசி என்பது மட்டும்தான் மாறியிருக்கிறது.

ஆனால் பன்னிரண்டு வயதில் எனக்கு இந்தப் பொறுமை இல்லை. எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஐந்து வருடம் முதலாவதாக வந்தவளுடைய கதியை, யாரோ ஒருத்தி வாளியைப் பற்றிப் பேசுவதை வைத்து முடிவு செய்வதா என்று இருந்தது. எரிச்சலை விடப் பயம் அதிகம். பீலியடியில் காலை நேரத்தில் என்ன பேச்சு நடக்கும் என்று எனக்குத் தெரியும். பத்துப் பேச்சில் எட்டு வசவு. "எங்கயாவது போய்த் தொல" என்பதுதான் அங்கே காலை வணக்கம். அதிலிருந்து நல்ல சொல் வரும் என்று நம்பி இருக்க நான் தயாராக இல்லை. நானே ஏற்பாடு செய்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

ஆறாம் காம்பராவில் ஓர் அத்தை இருந்தார். உறவு கிடையாது, பக்கத்து வீடு என்பதால் அத்தை. என்மேல் பிரியம் உள்ளவர். அன்று மாலை அவர் விறகு அடுக்கிக்கொண்டிருந்தபோது போய் நின்றேன்.

"அத்தே, நாளைக்குக் காலையில பீலியில எங்கம்மா நிப்பாங்க. நீங்க நல்லதா ஏதாச்சும் ஒன்னு சொல்லிருங்க."

"எதுக்குடி நிக்கிறா?"

"என்னைய ஹட்டனுக்குப் படிக்க அனுப்பலாமான்னு."

அத்தை விறகைக் கீழே போட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அடிப் பாவி, ஏன்டி எங்கிட்ட சொன்ன? ஒங்கம்மா வந்து நிக்கிறது தெரியாம இருந்திருந்தா நானே நல்ல வாயா நாலு பேசியிருப்பேன். இப்பத் தெரிஞ்சு போச்சே. இனி நான் எதச் சொன்னாலும் கள்ளச் சொல்லுடி. சொன்னவ வாயும் வெளங்காது, கேட்டவ காதும் வெளங்காது."

"அப்ப நீங்க பேசாம இருங்க. வேற யாராச்சும் பேசட்டும்."

"பேசுவாளுக, பேசுவாளுக. ரெண்டாம் காம்பராக்காரி வாயத் தொறந்தா பொணமும் எந்திரிச்சு ஓடும். அவ பேச்சு மொத விழுந்துச்சுன்னா ஒன் படிப்பு அதோட போச்சு."

அத்தை சும்மா இருக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. அன்று இரவுச் சோறு இறங்குவதற்குள் அவர் ஒவ்வொரு காம்பராவாக ஏறி இறங்கி, "நாளைக்குப் பீலியடியில யாரும் கெட்ட வார்த்த பேசிறாதீங்க, அந்தப் புள்ளைக்காக அவ ஆத்தா சொல்லுக்கு நிக்கிறா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். என் நன்மைக்காகத்தான் செய்தார். ஆனால் அதனால் பன்னிரண்டு காம்பராவுக்கும் சங்கதி தெரிந்துபோயிற்று. தெரிந்தவர்கள் பேசக் கூடாது. சங்கதி இப்படி ஊரெல்லாம் போய்விட்டது என்று எங்கள் அப்பா அம்மாவுக்கு மட்டும்தான் தெரியாது.

திங்கட்கிழமை காலையில் அம்மா முன்னால் போனார். கொஞ்சம் பின்னால் குடத்தோடு நான் போனேன். பனிக்குள் பெண்கள் நிற்பது நிழலாகத் தெரிந்தது. ஒரு சத்தமும் இல்லை. ஒருத்தி குடத்தை வைத்தாள், நிறைந்ததும் எடுத்தாள், அடுத்தவளுக்குக் கண்ணால் சைகை காட்டினாள். ஒரு குழந்தை அழ வாயெடுத்தது. அதன் தாய் ரொட்டித் துண்டை அதன் வாயில் திணித்தாள். பீலியிலிருந்து தண்ணீர் விழும் சத்தத்தை நான் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். ரெண்டாம் காம்பராக்காரி வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு, கோயிலுக்குள் போகிறவளைப் போல மெதுவாக வந்து தண்ணீர் பிடித்துக்கொண்டு போனாள்.

பெரட்டுக்குத் தப்பு அடிக்கும் வரைக்கும் அம்மா நின்றார். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டார்.

"லயத்துல யாராச்சும் செத்துட்டாங்களா?"

"இல்லையே. ஏன்?"

"ஒருத்தியும் பேசல."

செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான். அன்று மட்டும் பதினோராம் காம்பரா அண்ணன், தொழிற்சாலையில் இராவேலை முடித்துவிட்டுத் தோளில் துண்டோடு முகம் கழுவ வந்தார். இப்படி ஊமைக் கூட்டத்தைப் பார்த்ததும், "என்ன..." என்று தொடங்கினார். அதற்குள் அவர் மனைவி ஈரக் கையாலேயே அவர் வாயைப் பொத்தி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

அன்று அம்மாவுக்கு அதுதான் கவலை. "என்னன்னு வந்துச்சு. அது சொல்லா?"

அப்பா யோசித்துப் பார்த்தார். "அது கேள்வி. நீ கேட்டதும் கேள்வி. ரெண்டு கேள்வி சேந்தா பதிலாகுமா?"

பீலியடியில் அடைத்த வாயை மலைக்குப் போனதும் பெண்கள் திறந்துவிட்டார்கள். அந்த இரண்டு நாளும் கொழுந்து மலையில் கேட்ட சத்தத்தைப் போல அதற்கு முன்னால் கேட்டதில்லை என்று கங்காணி சொன்னாராம். அந்தச் சத்தத்தில்தான் சங்கதி அம்மா காதுக்கும் வந்து சேர்ந்தது. சாயங்காலம் கூடையை இறக்கியதும் என்னைக் கூப்பிட்டார்.

"யாருகிட்ட சொன்ன?"

பொய் சொல்ல நினைத்தேன், முடியவில்லை. "அத்தைகிட்ட. நல்ல சொல்லு வரணும்னுதான் சொன்னேன்."

அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. அது அடியை விட மோசமாக இருந்தது.

"ஒனக்காக நான் கேக்கப் போனேன். நீயே ஊரு வாய அடச்சுட்ட," என்றார்.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அத்தையின் குரல் வந்தது. "புள்ளைய வையாத. நான்தான் எல்லாருகிட்டயும் சொன்னேன்."

"ஒன்னைய யாரு கேட்டா? நீ பேசாம இரு."

"ரெண்டு நாளா அதத்தானே செய்யிறேன்," என்றார் அத்தை.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமை என்று படிவத்தில் எழுதியிருந்ததைப் படிக்கத் தெரிந்தவள் அந்த வீட்டில் நான் ஒருத்திதான்.

புதன்கிழமை மழை. சாக்குக் கொங்காணியைத் தலையில் போட்டுக்கொண்டு அம்மா மழைக்குள் நின்றார். யாரும் பேசவில்லை. தூரத்தில் றொசல்லப் பக்கம் ரயில் கூவியது.

"ரயிலு கூவுச்சே, அதச் சொல்லா எடுத்துக்கயேன்," என்றார் அத்தை, வீட்டுக்குள் வந்த பிறகு சுவர் வழியாக.

"ரயிலு எல்லாருக்குந்தான் கூவுது. எனக்குன்னா கூவுச்சு?"

சாயங்காலம் வாத்தியார் ஒரு பிள்ளையிடம் சொல்லி அனுப்பியிருந்தார். நாளைப் பகல் தபாலில் படிவம் போகாவிட்டால் வெள்ளிக்கிழமைக்குள் ஹட்டனுக்குப் போய்ச் சேராது. அதாவது இன்னும் ஒரு காலைதான் இருக்கிறது. நான் அழவில்லை. அழுதால் பேச முடியாது என்பதற்காக அழவில்லை. அம்மாவுக்கு எதிரே போய் நின்றேன்.

"ஊருல யாரும் பேச மாட்டாங்க. நான் பேசுறேன். நான் போறேன். இதுதான் சொல்லு, எடுத்துக்கங்க."

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"வேணுங்கிறவ வாயிலருந்து வர்றது சொல்லு இல்ல. அது ஆச," என்றார். "ஆச எனக்கும் இருக்கு."

அந்தக் கடைசிப் பேச்சை நான் அப்போது கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் மறுநாள் அவ்வளவு திடுக்கிட்டிருக்க மாட்டேன். ஆணியில் தொங்கிய புதுக் கயிற்றைப் பார்த்தபடியே படுத்தேன். இழை பிரியாத, எண்ணெய் படாத கயிறு. அதற்கு என் தலை தெரியாது, என் தலைக்கும் அது தெரியாது. அதை எடுத்து அடுப்பில் போட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

வியாழக்கிழமை பனி மிகவும் அடர்த்தி. பீலியடியில் பக்கத்தில் இருப்பவர் முகம்கூடத் தெரியவில்லை. அம்மா அதே இடத்தில் நின்றார். முந்தானை முடிச்சில் அரிசியும் ஒரு செவ்வந்திப் பூவும். குடங்கள் நிறைந்தன, போயின, வந்தன. தப்பு அடிக்கும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. பெண்களும் போகாமல் நின்றார்கள். இது கடைசிக் காலை என்று அவர்களுக்கும் தெரியும். பேசவும் முடியவில்லை, விட்டுவிட்டுப் போகவும் மனம் இல்லை.

அப்போது கீழே குறுக்குப் பாதையில் யாரோ மூச்சு வாங்க ஏறி வரும் சத்தம் கேட்டது. ஆள் தெரியவில்லை. குரல்தான் முதலில் வந்தது.

"அஞ்சாம் காம்பராத் தங்கச்சி இருக்கீங்களா? மகள் படிக்கப் போறதுக்குப் பெட்டி கேட்டீங்களே, கொண்டாந்துட்டேன். பூட்டு மட்டும் கெடைக்கல."

பிறகு பனிக்குள்ளிருந்து ஒரு தகரப் பெட்டி வந்தது. அதற்குக் கீழே பொட்டணி நானா வந்தார். பொட்டணி என்றால் துணி மூட்டை, நானா என்றால் அண்ணன். முதுகில் மூட்டையோடு மாதம் ஒரு தடவை தோட்டம் தோட்டமாக நடந்து துணி விற்கும் முஸ்லிம் வியாபாரி அவர். வழக்கமாகப் பகலில்தான் வருவார். முதல் நாள் மழையில் கீழே உள்ள பணிய லயத்தில் தங்கிவிட்டு, தலைப் பாரத்தை முதலில் இறக்கிவிட வேண்டும் என்று விடிந்தும் விடியாமலும் ஏறி வந்திருந்தார்.

நானா பெட்டியைப் பீலிக் கல்லின் மேல் இறக்கி வைத்துவிட்டு எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன புள்ளைங்களா, ஊரே வாயடச்சுப் போயி நிக்குது? யாருக்கும் ஒன்னும் இல்லையே?"

நான் அம்மாவைப் பார்த்தேன். பெட்டி. படிக்கப் போகிறதுக்கு. கேட்டீங்களே. நானா போன தடவை வந்தது ஒரு மாதத்துக்கு முன்னால். அப்போது பரீட்சை முடிவே வரவில்லை. வாத்தியாருக்கு ஹட்டனிலிருந்து பதில் வந்திருக்கவில்லை. அப்பாவுக்குத் தெரியாது, அவர் கயிறு வாங்கிக்கொண்டிருந்தார். எங்கள் அம்மா யாரிடமும் சொல்லாமல் பெட்டிக்குச் சொல்லி வைத்திருந்தார்.

முதலில் பேசியது அத்தைதான். பீலியடியில் நாலு நாள் அடைத்து வைத்த வாய்.

"அடியே, இது சொல்லா? நீயே கேட்டு வாங்குன பெட்டிக்கு அவரு பதில் சொல்றாரு. இது எப்பிடிச் சேரும்?"

"நான் கேட்டது போன மாசம்," என்றார் அம்மா. "அவரு சொன்னது இன்னைக்கு. நான் நிக்கிறது அவருக்குத் தெரியுமா? தெரியாது. மொதப் பேச்சா? மொதப் பேச்சு. முழுப் பேச்சா? முழுப் பேச்சு. வேற என்னாடி வேணும்?"

"பூட்டு இல்லைன்னாரே," என்றாள் ரெண்டாம் காம்பராக்காரி. "அதுவும் அந்தப் பேச்சுலதானே வந்துச்சு. பூட்டில்லாத பெட்டி தங்குமா? அதையும் பாக்கணுமில்ல."

அதைக் கேட்டதும் கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. நல்ல சொல்லோடு ஒரு குறைச் சொல்லும் சேர்ந்துதான் வந்திருக்கிறது. அம்மாவின் முகத்தில் தெளிவு போய்விட்டது. பெட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். பூட்டு மாட்டும் வளையத்தை விரலால் தடவினார்.

விஷயம் என்னவென்று நானாவுக்கு அப்போதுதான் யாரோ காதில் சொன்னார்கள். பாவம், பதறிப்போனார்.

"என் வாயிலருந்தா வரணும்? தங்கச்சி, பூட்டு நாளைக்கே ஹட்டன்ல எடுத்துத் தந்துருவேன். அத விட்டுருங்க. நல்லாப் படிக்கும் புள்ள, நல்லா வரும்."

"ரெண்டாவது பேச்சு செல்லாது நானா," என்றார் அம்மா. "நீங்க மொதச் சொன்னதுதான். அத மாத்த வேணாம்."

தப்புச் சத்தம் கேட்டது. பெரட்டுக்கு நேரமாகிவிட்டது. ஆனால் ஒருத்தியும் நகரவில்லை. அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு லயத்துக்கு நடந்தார். நான் குடத்தை அங்கேயே போட்டுவிட்டுப் பின்னால் ஓடினேன். எனக்குப் பின்னால் பாதி லயம் வந்தது.

காம்பரா வாசலில் பெட்டியை இறக்கினார். உள்ளே போனார். கதவோரத்து ஆணியிலிருந்து புதுக் கயிற்றை எடுத்துக்கொண்டு வந்தார். பெட்டியைச் சுற்றி நீளவாக்கில் ஒரு சுற்று, குறுக்கே ஒரு சுற்று. கூடைக்கு எப்படிப் போடுவாரோ அப்படியே முழங்காலை ஊன்றி இழுத்து முடிச்சுப் போட்டார். பெட்டியைத் தூக்கி ஒரு தடவை குலுக்கிப் பார்த்தார்.

"பூட்டு இல்லைன்னா கட்டிட்டாப் போகுது," என்றார்.

ரெண்டாம் காம்பராக்காரி முடிச்சை இழுத்துப் பார்த்தாள். "இது அவுராது," என்று ஒத்துக்கொண்டாள்.

"கயித்துக்கு என்னா செய்வ, இவ கூடைக்கு?" என்றார் அப்பா, அவரும் எழுந்து வந்து நின்றிருந்தார்.

"இவளுக்கு எதுக்குக் கூடை?" என்றார் அம்மா.

அன்று அம்மா பெரட்டுக்குப் பிந்திப் போய்க் கங்காணியிடம் வசவு வாங்கினார். பகல் சாப்பாட்டு நேரத்தில் மலையிலிருந்து நேரே பள்ளிக்கூடத்துக்கு வந்து, கொழுந்துக் கறை படிந்த பெருவிரலை மையில் தொட்டு, நான் எடுத்துப் போயிருந்த படிவத்தில் வாத்தியார் காட்டிய இடத்தில் அழுத்தினார். அங்கேதான் அம்மாவிடம் கேட்டேன்.

"ஒரு மாசத்துக்கு முன்னாடியே பெட்டிக்குச் சொல்லியிருக்கீங்க. பெறகு எதுக்கும்மா நாலு நாளு நின்னீங்க?"

விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டே சொன்னார். "பெட்டி நான் வாங்கிருவேன். அங்க ஒனக்கு ஒன்னுன்னா, யாரையும் கேக்காம அனுப்பிட்டமேன்னு எம் மனசே என்னைய அறுக்கும். இப்ப ஊரக் கேட்டுட்டேன். இனி நீ பயமில்லாமப் போ, நானும் பயமில்லாம மலைக்குப் போறேன்."

ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு ரயிலேறி ஹட்டனுக்குப் போனேன். விடுதிப் பொறுப்பாளர் அம்மா என் பெட்டியைப் பார்த்துவிட்டு, "இது என்ன, ஆட்டைக் கட்டினமாதிரி? மற்றப் பிள்ளைகள் எல்லாம் பூட்டுப் போட்டிருக்கிறார்கள். அப்பாவிடம் சொல்லி ஒரு பூட்டு வாங்கிக்கொள்," என்றார். சுற்றி நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அவர்களில் இருவர் என் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார்கள், நகம்தான் வலித்தது. நான் குனிந்து, அம்மா செய்வதைப் போல முழங்காலை ஊன்றி ஒரு முனையை இழுத்தேன். கட்டு அவிழ்ந்தது. படிவத்தில் கொண்டுவரச் சொல்லியிருந்த இரண்டு வெள்ளைச் சட்டையை எடுத்துக் காட்டிவிட்டு, மறுபடியும் கட்டினேன்.

அதே பெட்டிதான் பயிற்சிக் கல்லூரிக்கும் வந்தது. அதே கயிறு. பூட்டு நான் வாங்கவே இல்லை.